கப்பலின் அடித்தளத்தில் வாழ்ந்தோர்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தையொட்டி நடைபெற்ற மாணவர் பரிசளிப்பு நிகழ்ச்சியில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



  

செஞ்சியில் கூடியிருக்கும் நமக்கு மலையும் கோட்டையும் தெரியும், கடல் தெரியாது. கடலைக் காண வேண்டுமாயின் திண்டிவனம் கடந்து மரக்காணத்துக்கோ புதுவைக்கோ செல்ல வேண்டும். அப்படியிருக்க, கப்பலைப் பற்றி இங்கே பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். அதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, நம் பழைய தென்னாற்காடு மாவட்டத்து மக்கள் பல்லாயிரவர் கப்பலேறிப் பிழைக்கச் சென்றவர்கள். இரண்டாவது, இன்றும் நம் பகுதி இளைஞர்கள் கப்பல் வேலை, வெளிநாட்டு வேலை என்று முகவர்களின் பின்னால் அலைந்துகொண்டிருக்கிறார்கள். நூறாண்டுகளுக்கு முன் கப்பலில் உழைத்தவர்கள் எத்தகைய வாழ்வு வாழ்ந்தார்கள் என்பதை அறிந்தால், இன்று நாம் எதில் விழிப்பாக இருக்க வேண்டும் என்பதும் விளங்கும்.

பெரிய கப்பல்களும் சிறிய மனிதர்களும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓடிய பயணிகள் கப்பல் என்றவுடன் நம் பிள்ளைகளுக்கு நினைவுக்கு வருவது டைட்டானிக். 1912 ஏப்ரல் 15 அதிகாலையில் மூழ்கிய அக்கப்பலில் 29 கொதிகலன்களும் 159 உலைவாய்களும் இருந்தன. நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 டன் நிலக்கரியை அது விழுங்கியது. அந்த நிலக்கரி தானாக உலைக்குள் செல்லவில்லை. ஏறத்தாழ 250 பேர் முறைவைத்து இரவும் பகலும் அதை வாரிக் கொட்டினார்கள். நான்கு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, மீண்டும் நான்கு மணி நேரம் வேலை என்பது அவர்களுடைய முறை. மேல்தளத்தில் பயணிகள் இசை கேட்டுக் கொண்டிருக்க, இவர்கள் முன்பகுதியில் தங்களுக்கென அமைந்த இருப்பிடத்திலிருந்து சுழற்படி வழியாக இறங்கி, பயணிகளின் கண்ணில் படாமலேயே உலைக்குச் சென்று திரும்பினார்கள்.

அக்கப்பலில் பணியாற்றிய ஏறத்தாழ 900 பேரில் பெரும்பாலோர் மாண்டனர். கப்பல் மூழ்கிய நாளோடு பணியாளர்களின் ஊதியமும் நின்றுபோயிற்று. கப்பல் இல்லையேல் பணி இல்லை, பணி இல்லையேல் ஊதியம் இல்லை என்பதே அக்காலச் சட்டம். கப்பல் அழிந்தால் மாலுமிக்கு ஒரு காலத்துக்கேனும் ஈட்டுத்தொகை வழங்க வேண்டும் என்ற உடன்படிக்கையை அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு 1920ஆம் ஆண்டில்தான் நிறைவேற்றியது.

வெள்ளையர்களுக்கே நிலை இதுவென்றால், அவர்களுக்கும் கீழே ஒரு கூட்டம் இருந்தது. அந்தக் கூட்டத்தினர் நம் நாட்டவர்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள். அவர்களை ஆங்கிலேயர் 'லஸ்கர்' என்று அழைத்தார்கள்.

லஸ்கர்கள் யார்?

'லஷ்கர்' என்பது படை என்று பொருள்படும் பாரசீகச் சொல். போர்த்துக்கீசியர் வாயில் புகுந்து அது இந்தியக் கப்பல் தொழிலாளியைக் குறிக்கும் சொல்லாயிற்று. சூயஸ் கால்வாய் 1869இல் திறக்கப்பட்ட பிறகு நீராவிக் கப்பல்கள் பெருகின. அவற்றில் இந்தியத் தொழிலாளர்களும் பெருகினார்கள். 1914ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் 51,616 லஸ்கர்கள் பணியாற்றினார்கள். அதாவது அக்கப்பல்களின் பணியாளர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் நம்மவர்.

கல்கத்தா, பம்பாய் ஆகிய இரு துறைமுகங்களே ஆள் எடுக்கும் பெரிய இடங்கள். சில்ஹெட், நவகாளி, சிட்டகாங், கொங்கணம், குஜராத், பஞ்சாப் ஆகிய பகுதிகளிலிருந்து ஆட்கள் வந்தனர். பயணிகளுக்கு உணவு பரிமாறும் பிரிவில் கோவாவைச் சேர்ந்த கிறித்தவர்கள் மிகுதி. தளத்துப் பணியிலும், குறிப்பாக உலைப் பணியிலும் முஸ்லிம்களே மிகுதி.

அவர்களுடைய பணிப்பெயர்களைக் கேளுங்கள். மேற்பார்வையாளர் சேராங்கு, அவருக்கு அடுத்தவர் தண்டல், சுக்கான் பிடிப்பவர் சுக்கானி, சமையற்காரர் பண்டாரி, உலையில் தீ வளர்ப்பவர் ஆக்வாலா, நிலக்கரி சுமப்பவர் கோயலாவாலா, இயந்திரத்துக்கு எண்ணெய் இடுபவர் தேல்வாலா. இவற்றுள் தண்டல், சுக்கானி என்பன நம் நாகூர், நாகப்பட்டினம், கீழக்கரைக் கடலோரங்களிலும் வழங்கிய சொற்கள். 'சுக்கான்' அரபுச் சொல். 'மாலுமி' என்று நாம் இன்று தூய தமிழ்போல் எழுதும் சொல்லும், வழிகாட்டுபவர் என்ற பொருளில் 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததே. கப்பல் தொழிலுக்கும் நம் சமுதாயத்துக்கும் உள்ள பழைய உறவுக்கு இச்சொற்களே சாட்சி.

கப்ரின் அளவு இடம்

அவர்கள் எங்கே தூங்கினார்கள்? இதற்குச் சட்டமே விடை சொல்கிறது. 1894ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் வணிகக் கப்பல் சட்டம் ஒரு மாலுமிக்கு 72 கன அடி இடமும் 12 சதுர அடித் தரையும் வேண்டுமென்று விதித்தது. 72 கன அடி என்றால் என்ன? ஆறு அடி நீளம், மூன்று அடி அகலம், நான்கு அடி உயரம். மாணவச் செல்வங்களே, பெருக்கிப் பாருங்கள். பெரியோர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. அது ஏறத்தாழ ஒரு கப்ரின் அளவு.

1906ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டது. ஒரு மாலுமிக்கு 120 கன அடியும் 15 சதுர அடியும் வேண்டுமென்று உயர்த்தினார்கள். நல்ல திருத்தம்தான். ஆனால் அந்த உயர்வு லஸ்கர்களுக்குப் பொருந்தாது என்று விலக்கும் அளித்தார்கள். ஒரே கப்பல், ஒரே கடல், ஒரே உலை. ஆயினும் மனிதன் படுத்துறங்கும் இடத்துக்கு மட்டும் இரண்டு அளவுகள்.

இதில் இன்னொரு கணக்கும் இருந்தது. இந்தியத் தொழிலாளி உடல் வலுக் குன்றியவன், ஆகவே ஐரோப்பியர் குறைந்த எண்ணிக்கையில் செய்யும் வேலைக்கு இந்தியரைக் கூடுதலாக அமர்த்த வேண்டியிருக்கிறது என்று நிறுவனங்கள் கூறின. ஆட்கள் கூடினார்கள், இடம் கூடவில்லை. கப்பலின் முன்முனையில், அலை மோதும் ஓசையும் நங்கூரச் சங்கிலியின் இரைச்சலும் ஓயாத பகுதியில், அடுக்கடுக்கான பலகைக் கட்டில்களில் அவர்கள் படுத்தார்கள். பயணிகளுக்கு விற்கக்கூடிய இடம் காசு தருகிறது. பணியாளருக்குக் கொடுக்கும் இடம் காசு தருவதில்லை. இந்த ஒரு கணக்கே எல்லாவற்றையும் தீர்மானித்தது.

உலையும் உணவும்

உலை அறையின் வெப்பத்தை நாம் எண்ணிப் பார்ப்பது கடினம். செங்கடலில் செல்லும்போது அங்கே வெப்பம் 50 பாகை செல்சியசைக் கடக்கும். நம் ஊரில் கத்திரி வெயிலில் 42 பாகை வந்தாலே தெருவில் ஆள் நடமாட்டம் குறைந்துவிடுகிறது. அங்கேயோ, திறந்த உலைவாயின் முன் நின்று, நிலக்கரியை வாரி வீசி, நீண்ட இரும்புக் கம்பியால் தீயைக் கிளறி, கட்டிபட்ட கசடை உடைத்து இழுத்து, சாம்பலை அள்ளி அகற்ற வேண்டும். வெப்பம் தாங்காமல் மயங்கி விழுந்தோர் உண்டு. அறிவு கலங்கி மேலே ஓடிவந்து கடலில் குதித்தோரும் உண்டு. அப்படிக் குதித்தவர்களில் இந்தியரும் இருந்தார்கள், ஐரோப்பியரும் இருந்தார்கள். தீ யாரையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

நிறுவனங்களின் கருத்து வேறாக இருந்தது. வெப்ப நாட்டில் பிறந்தவனுக்கு வெப்பம் ஒரு பொருட்டல்ல என்றார்கள். அதே வாயால், குளிர் இவனுக்கு ஆகாது என்றும் சொன்னார்கள். அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையில் குளிர்கால மாதங்களில் 38 பாகை வடக்குக்கு மேல் லஸ்கர்களை அழைத்துச் செல்லலாகாது என்று ஒப்பந்தத்தில் எல்லை வகுத்தார்கள். இது தொழிலாளியின் உடல்நலத்துக்கான விதி போலத் தோன்றும். நல்ல ஊதியம் கிடைக்கும் துறைமுகங்களிலிருந்து அவனைத் தள்ளிவைக்கவும் இதுவே பயன்பட்டது.

உணவில் ஓர் ஆறுதல் இருந்தது. லஸ்கர்களுக்கெனத் தனிச் சமையலறையும் தனிப் பண்டாரியும் உண்டு. அரிசி, பருப்பு, நெய், உலர்மீன், மசாலைப் பொருள்கள் எனப் படியளவு ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கும். இதனால் ஹலால், ஹராம் பேண அவர்களால் முடிந்தது. பன்றி இறைச்சி கலந்த பொதுச் சமையலை உண்ண வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு ஏற்படவில்லை. ஆனால் நிறுவனங்கள் இதை மார்க்கத்துக்கு மதிப்பளித்து மட்டும் செய்யவில்லை. அரிசியும் பருப்பும் ஐரோப்பியரின் இறைச்சி உணவைவிட மலிவு. காய்கறியும் பழமும் குறைந்த நீண்ட பயணங்களில் பெரிபெரி போன்ற நோய்கள் அவர்களை வாட்டின.

தொழுகைக்குப் பள்ளி இல்லை. கிப்லா நாளுக்கு நாள் திசை மாறும். சரக்கறையின் மூடியின் மேல் பாய் விரித்துத் தொழுதார்கள். பயணத்தில் இருப்போருக்கு மார்க்கம் சலுகை தந்திருந்தும், உலை அறையில் நின்றுகொண்டே நோன்பு நோற்றவர்கள் இருந்தார்கள். கடலில் மரணம் நேர்ந்தால், உடன் பணியாற்றுவோர் குளிப்பாட்டி, கஃபனிட்டு, ஜனாஸா தொழுது, கடலிலேயே இறக்கினார்கள். ஊரிலிருக்கும் தாய்க்குச் செய்தி சேர மாதக்கணக்கில் ஆகும்.

ஒப்பந்தமும் கையூட்டும்

ஊதியத்தைப் பார்ப்போம். 1912இல் டைட்டானிக்கில் தீ வளர்ப்பவருக்கு மாத ஊதியம் 6 பவுன். அன்றைய மதிப்பில் ஒரு பவுனுக்கு 15 ரூபாய். ஆக 90 ரூபாய். அதே காலத்தில் அதே வேலையைச் செய்த இந்தியருக்கு மாதம் ஏறத்தாழ 20 ரூபாய். நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு.

இந்த ஏற்றத்தாழ்வைக் காத்து நின்றது 'ஆசியர் ஒப்பந்தம்' எனப்பட்ட தனி ஒப்பந்த முறை. அதன்படி லஸ்கர் ஐரோப்பியத் துறைமுகத்தில் பணியை விட்டு விலக முடியாது. இந்தியாவில்தான் அமர்த்தப்பட வேண்டும். இந்தியாவில்தான் விடுவிக்கப்பட வேண்டும். இடையில் நிறுவனம் விரும்பினால் ஒரு கப்பலிலிருந்து மற்றொரு கப்பலுக்கு மாற்றலாம். மீறி இறங்கினால் ஓடிப்போனவன் என்று பெயர், சிறையும் உண்டு.

அந்த வேலையையும் அவர்கள் எளிதாகப் பெற்றுவிடவில்லை. இதுதான் இன்றைக்கும் நமக்கு மிகவும் தேவையான செய்தி. கல்கத்தாத் துறைமுகத்தில் 'காட் சேராங்கு' எனப்பட்ட தரகர்கள் இருந்தார்கள். கிராமத்திலிருந்து வரும் இளைஞனைத் தங்கள் விடுதியில் தங்க வைத்து, கடனில் உணவளித்து, மாதக்கணக்கில் காத்திருக்கச் செய்வார்கள். கப்பல் கிடைத்தவுடன் முன்பணமாக வரும் ஊதியம் தரகருக்கும் சேராங்குக்கும் போய்ச் சேரும். பயணம் முடிந்து திரும்பினால் மீண்டும் அதே விடுதி, அதே கடன். 1922இல் அரசு அமைத்த குழு இதை ஆராய்ந்தது. 1931இல் அறிக்கை தந்த விட்லி ஆணையமும் கப்பல் ஆளெடுப்பில் கையூட்டு மலிந்திருப்பதைக் கண்டித்தது. இதில் வேதனை என்னவென்றால், அந்தத் தரகர்களும் சேராங்குகளும் வெள்ளையர்கள் அல்லர். அதே ஊர்க்காரர்கள், அதே மொழிக்காரர்கள், பல வேளைகளில் அதே பள்ளிவாசலில் அடுத்த ஸஃப்பில் நின்று தொழுதவர்கள்.

பழி யார் மீது?

1922 மே 20ஆம் நாள் 'ஈஜிப்ட்' என்ற பயணிகள் கப்பல் பிரான்சின் கரையருகே மூடுபனியில் 'சேன்' என்ற கப்பல் மோதி இருபது நிமிடங்களில் மூழ்கியது. எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பணியாளர்கள். ஆயினும் மறுநாளே, இந்தியப் பணியாளர்கள் அஞ்சி ஓடிப் படகுகளைக் கைப்பற்றினார்கள் என்று இங்கிலாந்தின் நாளேடுகள் எழுதத் தொடங்கின. பின்னர் முறையான விசாரணை நடந்தது. படகு இறக்கும் பயிற்சியும் ஒழுங்கும் உரியபடி பேணப்படவில்லை என்று கண்டு, கப்பல் தலைவரின் சான்றிதழை ஆறு மாதங்களுக்கு நிறுத்திவைத்தார்கள். பயிற்சி அளிக்காதவர்கள் குறைபாட்டுக்கு உரியவர்கள். பழி சுமந்தவர்களோ பயிற்சி பெறாதவர்கள்.

இத்தகைய நிகழ்ச்சி நம் கரைக்கு வந்து போன கப்பல் ஒன்றுக்கும் நேர்ந்தது. நம் வீடுகளில் மூத்தவர்கள் 'ரஜூலா கப்பல்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தின் அக்கப்பல் 1926இல் கட்டப்பட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஓடியது. தொடக்கத்தில் தளத்துப் பயணிகளாக மட்டும் ஐயாயிரம் பேருக்கு மேல் ஏற்றிச் செல்லும் அனுமதி அதற்கு இருந்தது. மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்ற நம் தென்னாற்காட்டு மக்கள் ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் தங்கி, இத்தகைய கப்பல்களின் திறந்த தளத்தில் பாய் விரித்துப் பயணம் செய்தவர்களே. இதே நிறுவனத்தை எதிர்த்துத்தான் 1906இல் வ.உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார் என்பதையும், அதில் ஹாஜி முகமது பக்கீர் சேட் அவர்கள் இரண்டு இலட்சம் ரூபாய்க்குப் பங்குகள் வாங்கித் துணைநின்றார் என்பதையும் மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

ரஜூலாவின் இணைக்கப்பல் 'ரோனா'. அதுவும் 1926இல் பிறந்தது. அதுவும் சென்னை, சிங்கப்பூர் வழியில் ஓடியது. இரண்டாம் உலகப்போரில் படைவீரர்களை ஏற்றிச் செல்ல அதை எடுத்துக்கொண்டார்கள். 1943 நவம்பர் 26ஆம் நாள் அல்ஜீரியக் கரையருகே செருமானிய விமானம் ஒன்று ஏவிய, வானொலி அலையால் இயக்கப்பட்ட குண்டு அதைத் தாக்கியது. 1,015 அமெரிக்கப் படையினர் உயிரிழந்தனர். கப்பல் பணியாளர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்கள் பெரும்பாலும் இந்தியர்கள். அச்செய்தியைப் பல ஆண்டுகள் அரசுகள் வெளியிடவில்லை. உயிர்தப்பிய படையினர் சிலர், இந்தியப் பணியாளர்கள் தங்களைக் கைவிட்டார்கள் என்று பின்னாளில் குறை கூறினார்கள். பணியாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அக்கப்பலோடு மாண்டார்கள் என்ற உண்மையையும் அதனருகில் வைத்துப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் 1996இல் அவ்வீரர்களுக்கு நினைவுச்சின்னம் எழுந்தது. நம் நாட்டில் 'ரோனா' என்ற பெயரை அறிந்தவர்களே அரியர்.

நினைவுச் சின்னங்கள் முற்றிலும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. கல்கத்தாவில் ஊக்ளி ஆற்றங்கரையில், முதல் உலகப்போரில் உயிர்நீத்த 896 லஸ்கர்களுக்காக 1924இல் திறக்கப்பட்ட தூண் இன்றும் நிற்கிறது. மும்பையிலும் சிட்டகாங்கிலும் உள்ள நினைவேடுகளில், இரண்டாம் உலகப்போரில் மறைந்த ஏறத்தாழ 6,000 இந்திய வணிகக் கப்பல் பணியாளர்களின் பெயர்கள் எழுதப்பட்டுள்ளன. அவர்கள் படைவீரர்கள் அல்லர். சம்பளத்துக்காகக் கப்பலேறிய ஏழைகள்.

ஒன்றுபட்டு நின்றபோது

இவ்வளவு துன்பத்தையும் அவர்கள் வாய்மூடிப் பொறுத்துக்கொண்டார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. 1939 செப்டம்பரில் போர் மூண்டவுடன் லண்டனிலும் வேறு பல துறைமுகங்களிலும் இந்திய மாலுமிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றார்கள். இந்தியாவில் அஃப்தாப் அலி அவர்களும் லண்டனில் சூரத் அலி அவர்களும் அவர்களுக்காக வாதாடினார்கள். இறுதியில் ஊதிய உயர்வு கிடைத்தது. போரின் நடுவே ஓர் ஏழைக் கூட்டம் பேரரசோடு பேசி உரிமை பெற்றதென்றால், ஒன்றுபட்டு நின்றதே அதற்குக் காரணம்.

ஒப்பந்தத்தை மீறிக் கரையிறங்கியவர்களும் வீணாகப் போகவில்லை. லண்டன், கார்டிஃப், சவுத் ஷீல்ட்ஸ் போன்ற துறைமுக நகரங்களில் அவர்களும் ஏமன், சோமாலிய மாலுமிகளும் குடியேறினார்கள். உணவுக்கடைகள் வைத்தார்கள், ஜனாஸா அடக்கம் செய்ய நிதி சேர்த்தார்கள், வாடகை வீடுகளில் தொழுதார்கள். 1941இல் லண்டன் கிழக்குப் பகுதியில் பள்ளிவாசல் திறக்கப்பட்டபோது, அங்கே தொழ வந்தோரில் மாலுமிகள் முக்கியமானவர்கள். ஊர்விட்டு ஊர் போன தொழிலாளிக்கு முதலில் துணைநின்றது ஒரு ஜமாஅத்துதான்.

இன்று என்ன மாறியிருக்கிறது?

சட்டம் மாறியிருக்கிறது. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை 2013இல் நடைமுறைக்கு வந்தது. 2015இல் இந்தியா அதை ஏற்றது. அதன்படி ஒரு நாளில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு வேண்டும். பெரிய சரக்குக் கப்பல்களில் தனி அறைக்குக் குறைந்தது 7 சதுர மீட்டர் தரை வேண்டும். அது 75 சதுர அடி. அன்றைய 12 சதுர அடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒப்பந்தம் முடிந்ததும் சொந்தச் செலவின்றி ஊர் திரும்பும் உரிமை உண்டு. வேலை பெற்றுத் தருவதற்காக மாலுமியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்பதும் அதில் உள்ளது. மருத்துவச் சான்று, மாலுமிப் புத்தகம், கடவுச்சீட்டு ஆகியவற்றின் செலவு மட்டுமே அவருடையது.

ஆனால் ஏட்டில் உள்ளது எல்லாம் நாட்டில் இல்லை. 2020இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது, ஒப்பந்தம் முடிந்தும் கரையிறங்க வழியின்றி உலகெங்கும் ஏறத்தாழ நான்கு இலட்சம் கப்பல் பணியாளர்கள் கடலிலேயே தவித்தார்கள். ஊதியமும் உணவும் தராமல் கப்பலையே கைவிட்டுவிடும் உரிமையாளர்களும் பெருகியிருக்கிறார்கள். அவ்வாறு கைவிடப்பட்டோரில் 2024ஆம் ஆண்டில் இந்தியர்களே மிகுதி. காட் சேராங்குகளும் மறைந்துவிடவில்லை. விடுதிக்குப் பதிலாக அலுவலகமும், கடன் சீட்டுக்குப் பதிலாகக் கைப்பேசிச் செய்தியும் வைத்துக்கொண்டு, 'மூன்று இலட்சம் கொடு, சொகுசுக் கப்பலில் வேலை' என்று இன்றும் கேட்கிறார்கள்.

ஆகவே கப்பல் வேலைக்குச் செல்ல விரும்பும் இளைஞர்களுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவதாக, ஆள் எடுக்கும் நிறுவனம் மும்பையிலுள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்ககத்தின் உரிமம் பெற்றதா என்று பாருங்கள். அந்தப் பட்டியல் இயக்ககத்தின் இணையதளத்தில் உள்ளது, இலவசமாகவே பார்க்கலாம்.

இரண்டாவதாக, வேலைக்கென்று பணம் கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்து வாருங்கள். நகையை அடகு வைத்துக் கட்டும் பணம் திரும்பி வராது.

மூன்றாவதாக, ஒப்பந்தத்தைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். கப்பலின் பெயர், உரிமையாளர், ஊதியம், பணிக்காலம், திரும்பும் செலவு யாருடையது என்பன அதில் இருக்க வேண்டும். அதன் படி ஒன்றை வீட்டில் வைத்துச் செல்லுங்கள்.

நான்காவதாக, சுற்றுலா விசாவில் அனுப்பி அங்கே போய் மாற்றித் தருகிறேன் என்பவரை ஒருபோதும் நம்பாதீர்கள்.

நம் ஜமாஅத்துக்கும் ஒரு வேண்டுகோள். நிக்காஹ் பதிவேடு வைத்திருக்கிறோம். சந்தாப் பதிவேடு வைத்திருக்கிறோம். நம் மஹல்லாவிலிருந்து வெளிநாட்டுக்கோ கப்பலுக்கோ செல்வோருக்கென்று ஒரு பதிவேடு தொடங்குங்கள். செல்பவர் பெயர், கடவுச்சீட்டுப் படி, முகவர் பெயர், நிறுவனத்தின் பெயர், ஒப்பந்தப் படி ஆகியவை அதில் இருக்கட்டும். ஒரு பிள்ளைக்கு இன்னல் நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது என்று தெரியாமல் தாய் கதறுவதைத் தவிர்க்க இதுவே முதல் வழி. ஆங்கிலம் அறிந்த இரண்டு பட்டதாரிகள் வாரத்தில் ஒரு நாள் மஃரிபுக்குப் பின் அமர்ந்து ஒப்பந்தங்களைப் படித்து விளக்கினால் போதும். இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. ஏமாற்றும் முகவர் நம் உறவினராகவே இருந்தாலும் அவர் பெயரை அப்பதிவேட்டில் எழுதத் தயங்கக் கூடாது. அதற்கு மட்டும் சற்றுத் துணிவு வேண்டும்.

பழைய ரஜூலா கப்பல் சீட்டு, மலேயா அடையாள அட்டை, கடிதம், நிழற்படம் ஆகியவை உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால் அவற்றை எறிந்துவிடாதீர்கள். மாணவர்கள் அவற்றைப் படியெடுத்து, பாட்டன் பாட்டிகள் சொல்வதை எழுதி வைக்கலாம். நம் கோட்டைக்குள் சஅதத்துல்லா கான் கட்டிய பள்ளிவாசலில் 1717-18 என்று காலத்தைச் சொல்லும் பாரசீகக் கல்வெட்டு இருக்கிறது. கட்டியவரின் பெயரும் காலமும் நமக்குத் தெரிகின்றன. கல் சுமந்தவர்களின் பெயர் தெரியவில்லை. 2025இல் செஞ்சிக் கோட்டை உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டதில் நாம் மகிழ்ந்தோம். கோட்டையின் வரலாற்றைக் காப்போர் பலர் இருக்கிறார்கள். உழைத்தவர்களின் வரலாற்றை அவர்தம் பிள்ளைகள்தாம் காக்க வேண்டும்.

கடலில் மறைந்த அந்தப் பெயரறியாச் சகோதரர்கள் அனைவருக்கும் வல்ல இறைவன் மஃபிரத் அருள்வானாக. ஊர்விட்டு உழைக்கச் சென்றிருக்கும் நம் பிள்ளைகளை நலமுடன் திருப்பித் தருவானாக. பரிசு பெறும் மாணவர்களுக்கு என் வாழ்த்துகள்.